தும்பெங்கின் உச்சி

"உச்சி ருக்மியாதி இபுவுக்குப் போகுதுன்னா எனக்கு ரொம்ப சந்தோஷம். அப்போ நான் வீட்டுக்குக் கிளம்பறேன்" என்று சுகாம்தோ நாற்காலியை விட்டு எழுந்தார்.

வார்ஸிதோவின் கையிலிருந்த கத்தி அந்தரத்தில் நின்றது. மேசையில் மஞ்சள் சோறு முழ உயரக் கூம்பாக நின்றது. நுனியில் பூப்போல நறுக்கிய சிவப்பு மிளகாய். ஆகஸ்ட் பதினேழு, இந்தோனேசிய சுதந்திர தினத்துக்காகத் தெருவே சேர்ந்து ஆக்கிய தும்பெங் அது. தெருத் தலைவர் அதன் உச்சியை வெட்டி, தெரு யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவர் கையில் கொடுப்பார். அதோடு நன்றி முடியும், சாப்பாடு தொடங்கும்.

அது சண்டையில்லாமல் முடிய வேண்டும் என்ற கவலை இந்த வருஷம் வார்ஸிதோவுக்கு அதிகம். ஒன்பது வருஷமாகச் செமாராங்கின் இந்தச் சந்துக்கு அவர்தான் 'பாக் ஆர்டி', அதாவது தெருத் தலைவர் ஐயா. சாக்கடை அடைத்தால் பாக் ஆர்டி, மாமியார் மயங்கி விழுந்தால் பாக் ஆர்டி, பூனையைக் காணவில்லை என்றாலும் பாக் ஆர்டி. குளித்துக்கொண்டிருந்தாலும் கதவைத் தட்டுவார்கள். போன மாதக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டார்: "சண்டை போடற தெருவை அடுத்தவர் தலையில கட்ட மாட்டேன். பதினேழாம் தேதி சண்டையில்லாம முடியட்டும், அன்னிக்கே தலைவரோட ரப்பர் சீலைக் கொடுத்துட்டு விலகிடறேன்."

அடுத்தவர் யார் என்று கேட்டபோது மட்டும் எல்லோரும் குனிந்து செருப்பைத் தேடினார்கள்.

"அப்புறம் நாள் பூரா வீட்லயே இருப்பீங்களா?" என்று மனைவி மூர்தினி கேட்டாள்.

"நாள் பூரா!"

அஞ்சலகத்திலிருந்து ஓய்வு பெற்ற முதல் வாரத்திலேயே அவளுடைய மசாலா டப்பாக்களை, எது எந்த ஊரில் விளைகிறதோ அந்த ஊரின் அஞ்சல் எண் வரிசையில் அடுக்கி வைத்தவர் அவர்.

"ரொம்ப நல்லது" என்றாள் மூர்தினி.

இப்போது சீல் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. சுகாம்தோவோ வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"இருங்க பாக், இருங்க! உச்சியை உங்களுக்கே தர்றேன்."

"தாராளமா கொடுங்க" என்றார் ருக்மியாதி, தெருவே 'இபு', அம்மா, என்று அழைக்கும் ஓய்வு பெற்ற மருத்துவச்சி. "இந்தத் தெருவுல பாதிப் பேரை உலகத்துக்குள்ள இழுத்துப் போட்டவ நான். அவர் ரயில் ஓட்டினவர். அவரும் இழுத்திருக்கார். பெட்டிகளை."

"பெட்டிங்க ராத்திரி பூரா அழலையே!" என்றார் சுகாம்தோ.

"சரி, ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி!" என்று வார்ஸிதோ கத்தியை நேராக இறக்கினார். உச்சி இரண்டானது. மிளகாய் ஒரே பக்கம் சாய்ந்தது.

"மிளகாய் யாருக்கு?" என்று சுகாம்தோ குடியிருக்கும் தெற்கு வீட்டு வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மருத்துவச்சிக்கு" என்றது வடக்கு வரிசை.

"ஏன், ரயில்காரர் நாக்குல உப்பு உறைப்பு கிடையாதா?"

மிளகாயையும் பாதியாக நறுக்கினார். விதை யார் பக்கம் அதிகம் என்று பேச்சு திரும்பியது. வியர்வையைத் துடைத்தபடி வார்ஸிதோ கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். எந்த வரிசையையும் சேராமல், முனைக் கடையில் டோஃபு விற்கும் சீனர் ஹன், தெருவுக்கெல்லாம் 'கோ', அண்ணன், கண்ணில் பட்டார்.

"கோ ஹன்! நீங்க வாங்க. உச்சி உங்களுக்குத்தான். யாருக்கும் வருத்தமில்லை."

ஹன் தயங்கித் தயங்கி வந்தார். தட்டைப் பார்த்தார், முன்னால் புளித்த சோயாக் கட்டிகளான டெம்பே அடுக்கியிருந்தது. முகம் மாறியது.

"என் டோஃபுவைக் கொண்டுபோய் டெம்பேக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கீங்களே பாக்."

"ஒளிக்கலை கோ, அது அலங்காரம்."

"பதினஞ்சு வருஷமா ஓசியில கொடுக்கறேன். அதுக்கு முன் வரிசையில ஒரு இடம் கிடையாதா?"

"எங்க டெம்பே மட்டும் என்ன, வழியில கிடந்ததா?" என்று நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

ஒரு சண்டை மூன்றாகிவிட்டது. காலையில் நடந்த கடிக்கும் போட்டியில் குழந்தைகள் மிச்சம் வைத்த இறால் அப்பளங்கள் தலைக்கு மேலே நூலில் ஆடிக்கொண்டிருந்தன. வார்ஸிதோ கடைசி வழியைக் கையில் எடுத்தார்.

"கயிறு இழுக்கலாம்! வடக்கு ஒரு பக்கம், தெற்கு ஒரு பக்கம். ஜெயிக்கறவங்க யாருக்குச் சொல்றாங்களோ அவங்களுக்கு உச்சி. அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"மூட்டு வலிக்காரங்களுக்கு விதிவிலக்கு உண்டா பாக் ஆர்டி?"

"உண்டு. நீங்க வாயால இழுங்க."

காலையிலிருந்து நாற்பது குழந்தைகள் இழுத்த கயிறு அது. வார்ஸிதோ விசில் ஊதினார். "மெர்டேகா!" என்று இரண்டு பக்கமும் சுதந்திர முழக்கம் போட்டு இழுத்தன. கயிறு நடுவில் பட்டென்று அறுந்தது.

தெற்கு வரிசை சாக்கடையில் உட்கார்ந்தது. வடக்கு வரிசை மேசையில் உட்கார்ந்தது.

சத்தம் அடங்கியபோது தும்பெங்குக்கு உச்சியும் இல்லை, உயரமும் இல்லை. பாயைப் போலப் பரவிக் கிடந்தது. சுகாம்தோவின் தொப்பியில் பாதி முட்டை ஒட்டியிருந்தது.

வார்ஸிதோ சட்டைப் பையிலிருந்து சீலை எடுத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவர் அந்தச் சோற்றைப் பார்த்தார், சாக்கடையிலிருந்து எழ முடியாமல் கை நீட்டிய தெற்கு வரிசையைப் பார்த்தார்.

"உங்களை இந்த நிலைமையில விட்டுட்டு நான் எப்படிய்யா போவேன்?" என்று சீலைத் திரும்பப் பைக்குள் போட்டார். "இன்னும் மூணு வருஷம். அதுக்கு மேல கேக்காதீங்க."

"வேற வழியில்ல பாக்" என்றார் சுகாம்தோ, மிகவும் துக்கமாக.

மூர்தினி தோள் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அழாதே மூர். வீட்ல சும்மா உட்கார எனக்கும்தான் ஆசை."

அவள் முகத்தை மூடியபடியே தலையை ஆட்டினாள்.

யாரோ வாழையிலைகளை நீளமாகத் தரையில் விரித்தார்கள். மேசையில் தப்பித்த சோற்றை அதில் கொட்டினார்கள். ஹன்னின் டோஃபுவும் டெம்பேயும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தன. வடக்கும் தெற்கும் கலந்து உட்கார்ந்தன. ருக்மியாதி இபு முதல் பிடியை எடுத்து வார்ஸிதோவின் முன்னால் வைத்தார்.

"உச்சிதான் போச்சு. இருக்கறதுல முதல் பிடி உங்களுக்கு. என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினவர் நீங்க. அதை நான் மறக்கலை."

"என் கடைக்குள்ள வெள்ளம் வந்தப்போ மூட்டை சுமந்ததும் இவர்தான்" என்றார் ஹன்.

வார்ஸிதோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தார். சுகாம்தோ ருக்மியாதி இபுவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அந்த அம்மா அவர் தொப்பியிலிருந்த முட்டையை எடுத்துப் போட்டார்.

வார்ஸிதோ கை கழுவத் தெருமுனைக் குழாய்க்குப் போனபோது, பக்கத்துக் குடியிருப்பிலிருந்து தினமும் பக்ஸோ என்னும் இறைச்சி உருண்டைக் குழம்பு விற்க வரும் வண்டிக்காரர் தார்மின் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீரா தார்மின்?" என்று வார்ஸிதோ பெருமூச்சு விட்டார். "ஒன்பது வருஷம் பாடுபட்டும் இந்தத் தெருவுல நாலு பேர் ஒரு விஷயத்துக்கு ஒண்ணா சேர மாட்டேங்கறாங்க."

தார்மின் குழம்பைக் கிளறியபடி சொன்னார்: "என்ன பாக் இப்படிச் சொல்றீங்க? முந்தாநாள் என் வண்டியைச் சுத்தி நின்னு தெருவே ஒத்திகை பார்த்தாங்களே, அதுல தும்பெங் மேல விழறது மட்டும்தான் கிடையாது, மத்த சண்டையெல்லாம் உங்க வீட்டம்மா சொல்லிக் கொடுத்தபடியேதான் நடந்தது."