ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது

வியாழக்கிழமை நாலு மணிக்கு அறக்கட்டளை அதிகாரி வகுப்பைப் பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்ததும் லைப்ரரி டீச்சர் அதை மூன்று தரம் மடித்து மூன்று தரம் பிரித்தாள். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவளுக்கு ஒரே ஒரு சிக்கல். வகுப்பிலிருந்த பன்னிரண்டு பெற்றோருக்கும் படிக்கத் தெரிந்துவிட்டது.

இது எப்படிச் சிக்கலாகும் என்று கேட்டால், கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். பள்ளிக்கூட நூலக அறையில் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் குடும்ப வாசிப்பு வகுப்பு நடந்தது. படிக்கத் தெரியாத அப்பா அம்மாக்கள் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்து, பிள்ளைகளின் கதைப் புத்தகத்தையே பாடமாக வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவார்கள். பத்து மாதமாக டீச்சர் தனியாளாக இதை இழுத்துக்கொண்டு வந்தாள். தலைமையாசிரியரோ, இந்தப் பருவத்துக்குள் வெளியிலிருந்து நிதி வராவிட்டால் வகுப்பை மூடிவிட வேண்டியதுதான், உடைந்த பெஞ்சுகளைப் போட எனக்கு அறை வேண்டும் என்று கெடு வைத்துவிட்டார்.

ஊர்க் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை ஒன்று இதற்கெல்லாம் உதவுகிறது என்று கேள்விப்பட்டு டீச்சர் விண்ணப்பம் வாங்கி வந்தாள். முதல் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, புதிதாகத் தொடங்கப்போகும் வகுப்பு. இன்னொன்று, ஏற்கெனவே நடந்துவரும் வகுப்பு. தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதற்கு யார் கொடுப்பார்கள்? அழுத பிள்ளைக்குத்தானே பால்? டீச்சர் முதல் கட்டத்தில் குறி போட்டாள். 'இங்குள்ள பெற்றோர் ஒருவருக்கும் எழுத்து வாசனையே கிடையாது' என்று கீழே உருக்கமாக நாலு வரியும் எழுதினாள். எழுதும்போது அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

அந்த நாலு வரியைச் சரிபார்க்கத்தான் இப்போது ஆள் வருகிறது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். வியாழக்கிழமை ஒருநாள் மட்டும் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான் என்றாள். லாரி ஓட்டுநருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பத்து மாசம் தூக்கத்தைக் கெடுத்துக் கத்துக்கிட்டது டீச்சர். ஒரே நாள்ல எப்படி மறக்கறது?"

"மறக்க வேண்டாம். நடிச்சாப் போதும்."

ஒத்திகை பார்த்தார்கள். டீச்சர் கரும்பலகையில் 'குதிரை' என்று எழுதிவிட்டு, இது என்ன என்று கேட்டாள். எல்லோரும் திருதிருவென்று விழிக்க வேண்டும், அதுதான் பாடம். பதினோரு பேரும் ஒரே குரலில் குதிரை என்றார்கள். சலவைக் கடை அக்காவுக்கு அன்று வேலை முடியவில்லை, வரவில்லை. வந்திருந்தால் பன்னிரண்டு பேரும் சொல்லியிருப்பார்கள். 'யானை' எழுதினாள். அதையும் சொன்னார்கள். படிக்காதீங்க, சும்மா பாருங்க என்று கெஞ்சினாள்.

"பாத்தாலே படிச்சிருது டீச்சர்," என்றாள் கேன்டீன் சமையல்காரம்மா. "கண்ணை என்ன பண்றது?"

டீச்சருக்கு ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.

எழுத்து கண்ணில் பட்டால்தானே படிப்பார்கள் என்று புதன்கிழமை அறையிலிருந்த எழுத்தையெல்லாம் அகற்ற ஆரம்பித்தாள். சுவரிலிருந்த அட்டைகள், நாட்காட்டி, அலமாரியில் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள், 'அமைதி காக்கவும்' பலகை எல்லாம் மூட்டையாயிற்று. புத்தகங்களை முதுகு உள்பக்கமாகத் திருப்பி அடுக்கினாள். அந்த வழியாக வந்த தலைமையாசிரியர் மொட்டைச் சுவரைப் பார்த்துவிட்டு, டீச்சர் சொல்லாமலே காலி செய்கிறாள் என்று நெகிழ்ந்துபோனார். அவள் வாய் திறப்பதற்குள் கால் உடைந்த பெஞ்சுகள் ஒன்பது உள்ளே வந்து பாதி அறையை அடைத்துக்கொண்டன.

வேறு வழியில்லாமல் அவரிடமும் உண்மையைச் சொன்னாள். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, உதவி செய்ய முன்வந்தார். படிக்கத் தெரியாதவன் புத்தகத்தைத் தலைகீழாகத்தான் பிடிப்பான், எல்லோரையும் அப்படிப் பிடிக்கச் சொல்லுங்கள், எழுத்தும் புரியாது, பார்க்கவும் பரிதாபமாக இருக்கும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கே, ஒத்திகைக்கு வந்திருந்த பதினோரு பேரையும் வரவழைத்து, பெஞ்சுகளுக்கு நடுவே நெருக்கியடித்து உட்காரவைத்துத் தலைகீழ்ப் பயிற்சி கொடுத்தாள். பிள்ளைகள் உளறிவிடுவார்கள் என்று மைதானத்துக்கு விரட்டினாள். அரை மணி நேரம் கழித்து லாரி ஓட்டுநர் கையைத் தூக்கினார். முதலில் கஷ்டமாக இருந்தது, இப்போது தலைகீழாகவும் படிக்க வந்துவிட்டது, ரிவர்ஸில் போகிற மாதிரிதான் என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சரியாக நாலு மணிக்கு அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடி, கையில் குடை, கக்கத்தில் கோப்பு, அதிகம் பேசாத ஐம்பது வயது அம்மா. பெஞ்சுகளைத் தாண்டி ஒரு மூலையில் இடம் கண்டுபிடித்து உட்கார்ந்தார். ஒரு புத்தகத்தை எடுத்து லாரி ஓட்டுநரிடம் நீட்டி, முதல் எழுத்து என்ன என்று கேட்டார். அவர் அதை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு, பாம்பு மாதிரி இருக்கு மேடம் என்றார். சமையல்காரம்மா அதைவிட ஒரு படி மேலே போய், எனக்கு இது புத்தகம்னே இப்பத்தான் தெரியும் என்றாள்.

அதிகாரியின் முகம் வாடிக்கொண்டே போனது. பரிதாபப்படுகிறார், காரியம் பழம்தான் என்று டீச்சருக்குத் தெம்பு வந்தது.

"ஒருத்தருக்குக்கூடவா தெரியாது?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒருத்தருக்குக்கூடத் தெரியாது மேடம்," என்றாள் டீச்சர், பெருமையாக.

அதிகாரி பெருமூச்சு விட்டுக் கோப்பை மூடினார். அந்த நேரம் பார்த்து, ஒரு கையில் மகளையும் ஒரு கையில் கதைப் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு சலவைக் கடை அக்கா உள்ளே வந்தார். ஒத்திகை, தலைகீழ்ப் பயிற்சி எதுவும் அவருக்குத் தெரியாது. லேட்டாகிவிட்டது டீச்சர் என்று சொல்லிவிட்டு, காலியாக இருந்த இடத்தில் மகளை உட்காரவைத்து, வழக்கம்போல் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். டீச்சர் கண்ணைக் காட்டினாள், இருமினாள், மேஜையைத் தட்டினாள். புத்தகத்தைப் பிரித்துவிட்டால் அக்காவுக்கு வேறு உலகமே தெரியாது.

"குடை வாங்கப் போன கரடி, மூ... மூச்... மூச்சி..."

அக்கா அந்த வார்த்தையில் மாட்டிக்கொண்டார். சமையல்காரம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லாரி ஓட்டுநருக்குக் காது சிவந்தது. தன்னோடு பத்து மாதம் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியவர் முக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்தப் பாவியால் முடியும்?

"மூச்சிரைக்க," என்றார்கள் பதினோரு பேரும், அவரவர் கையிலிருந்த அதே கதைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடியே.

"அதோட மேல ஒரு வரியை விட்டுட்டீங்கக்கா," என்றார் லாரி ஓட்டுநர். அவர் எதிரில் உட்கார்ந்து அக்காவின் புத்தகத்தைத் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் யாரைப் பிடிப்பது? கரடி எதற்காக ஓடியது என்று சமையல்காரம்மா ஒரு காரணம் சொன்னாள், அதெல்லாம் இல்லை, அடுத்த பக்கத்தைப் பார் என்று மூன்று பேர் மறுத்தார்கள். சத்தம் கேட்டுப் பிள்ளைகளும் மைதானத்திலிருந்து ஓடி வந்து அவரவர் அப்பா அம்மா பக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தன. டீச்சர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வகுப்பும் போச்சு, அறையும் போச்சு, மானமும் போச்சு என்று ஒவ்வொன்றாக எண்ணினாள்.

கண்ணைத் திறந்தபோது அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பயந்தே போயிட்டேன் டீச்சர்," என்றார். "நிதி உண்டு. அடுத்த வாரம் கடிதம் வரும். விண்ணப்பத்தைப் படிச்சப்பவே தரணும்னு முடிவு பண்ணிட்டேன், ஒருதரம் நேர்ல பாக்கலாம்னு வந்தேன். மனசுலேருந்து எழுதியிருந்தீங்க. கையெழுத்தை மட்டும் கொஞ்சம் திருத்திக்குங்க."

டீச்சரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அச்சே தோற்றது போ என்பார்கள். ஆனால் வரம் கொடுக்கிற சாமியிடம் வழக்காடுவார்களா? திருத்திக்கொள்கிறேன் மேடம் என்று கும்பிட்டாள். அதிகாரி போனதும் தலைமையாசிரியரே வந்து பெஞ்சுகளை வெளியே இழுக்க ஒரு பக்கம் பிடித்தார். டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பத்து மாதத்தில் முதல்தடவையாக நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

எல்லோரும் கிளம்பியபின் சலவைக் கடை அக்காவைக் கூப்பிட்டு, நாம் கேட்டிருந்தது புது வகுப்புக்கு, பொய் வேறு எழுதியிருந்தேன், அத்தனையும் தெரிந்தும் அந்த அம்மா பெரிய மனசு பண்ணித் தந்துவிட்டுப் போகிறார் என்று உருகினாள். அக்கா மகளின் செருப்பு வாரை மாட்டிவிட்டு, தயங்கித் தயங்கி நிமிர்ந்தார்.

"புது வகுப்புக்குக் கெடு போன மாசமே முடிஞ்சிருச்சுன்னு மூணாம் பக்கத்துல போட்டிருந்துச்சு டீச்சர், ஆபீஸ்ல சேத்துடுங்கன்னு நீங்க குடுத்தனுப்பினீங்களே, அப்ப பஸ்ல படிச்சேன், அங்கேயே வேற ஃபாரம் வாங்கி, நடந்துக்கிட்டிருக்கற வகுப்புன்னு குறி போட்டு, எங்க எல்லாருக்கும் படிக்க வந்துருச்சுன்னு நானே எழுதி, நீங்க கையெழுத்துப் போட்ட பக்கத்தை மட்டும் சேத்துக் குடுத்துட்டேன். நீங்க சரியாப் படிக்கலைன்னு சொன்னா உங்களுக்கு வெக்கமாயிருக்குமேன்னுதான் சொல்லலை."