செல்மா வீட்டு வேலியோரக் கொம்பன்

இந்த வருஷம் ஒரு மானைச் சுட்டே தீருவது, முடியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். துப்பாக்கியை அல்ல. பேனாவை.

மானுக்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் பத்தொன்பது வருஷமாக 'மான் நிலவரம்' எழுதுகிறவன் நான். அமெரிக்காவின் வடக்கில், சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் காடுகளில் நவம்பர் பதினைந்து அன்று வேட்டை தொடங்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. அதற்கு முன்னால் மான் எங்கே படுக்கும், எதைத் தின்னும், வடக்குக் காற்று அடித்தால் எந்தப் பக்கம் நகரும் என்பதையெல்லாம் நான் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுவேன். ஆனால் நான் போய் நிற்கிற இடத்துக்கு ஆறு வருஷமாக ஒரு மானும் எட்டிப் பார்க்கவில்லை.

"ஆர்னி நல்லா குறி சொல்லுவான். குறி வைக்கத்தான் வராது." ஊரில் இப்படி ஒரு பேச்சு.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அக்டோபர் கடைசியில் பத்திரிகை ஆசிரியர் டெட் போன் செய்தான்.

"ஆர்னி, இந்த வருஷம் வேட்டை ஆரம்பிச்ச வாரமே உன் கட்டுரையோட ஒரு படம் போடறோம். நீ நிக்கிற. பக்கத்துல நீ சுட்ட மான்."

"மான் கிடைக்கலேன்னா?"

"நீ மட்டும் நின்னா எவன்பா பாப்பான்?"

மான் போனால் போகட்டும். இனி மானமும் அல்லவா போகும்!

என் மனைவி வெர்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தபால் பட்டுவாடா செய்கிறவள். தினமும் எழுபத்துநாலு மைல், இருநூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகள். காட்டுச் சாலையில் அவள் பார்க்காத மான் கிடையாது. ஆனால் வீட்டில் வாயைத் திறக்க மாட்டாள். தப்பு என்னுடையதுதான். கல்யாணமான புதிதில் ஒரு நாள், "இன்னைக்கு வளைவுல மூணு மான் பாத்தேன்" என்று ஆசையாகச் சொன்னாள். "ரோட்டோரம் நிக்கிறதெல்லாம் ஒரு மானா? காட்டுக்குள்ள நிக்கிறதுதான் மான்" என்றேன். இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவள் எனக்கு ஒரு மானும் சொல்லவில்லை.

நானும் கேட்கவில்லை. நிலவரம் எழுதுகிறவன் தபால்காரியிடம் நிலவரம் கேட்பதா?

இந்த வருஷம் என் கட்டுரை பிரமாதமாக அமைந்தது. ஓக் மரங்கள் காய்க்கவில்லை, பனி சீக்கிரமே விழுந்துவிட்டது, ஆகவே கொம்பன்கள், அதாவது கொம்புள்ள ஆண் மான்கள், எல்லாம் வடக்குச் சதுப்பில் செடார் மரங்களுக்கு அடியில் ஒதுங்கும் என்று அடித்து எழுதினேன். வெர்னா காபி குடித்துக்கொண்டே அதைப் படித்தாள்.

"நீ எங்க போகப் போற?"

"எழுதினேனே. சதுப்புக்கு."

"போன வருஷமும் அங்கதான் போன."

"போன வருஷம் மேகமா இருந்துச்சு. திசை தெரியல."

"ஒம்பது மணி நேரம், ஆர்னி. உள்ள போனது ஒரு ரோட்டுல. வெளிய வந்தது பதினோரு மைல் தள்ளி இன்னொரு ரோட்டுல. அதுவும் ஒத்தக் கால் பூட்ஸோட."

"இன்னொண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு."

"உனக்கு வயசு அம்பத்தெட்டு. முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது. இந்த வருஷம் சதுப்பு வேண்டாம்."

"நான் என்ன பச்சக் குழந்தையா?"

"குழந்தைன்னா பரவாயில்ல. தொலைஞ்சா நின்ன இடத்துல நின்னு அழும். நீ நடப்ப."

இந்த இடத்தில் ஆண்மகன் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன். "நான் போகத்தான் போறேன்." அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "சரி, போ" என்றாள். ஒரு மனைவி இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னால் புத்தியுள்ளவன் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் துப்பாக்கிக்கு எண்ணெய் போட உட்கார்ந்தேன்.

வேட்டைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வெர்னா சவுனா என்கிற நீராவி அறையில் வியர்த்துக்கொண்டிருந்தாள். சமையல் மேசைமேல் அவளுடைய தபால் நோட்டு கிடந்தது. யார் ஊரில் இல்லை, யாருக்குத் தபாலை நிறுத்தி வைக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளும் நோட்டு. பிறத்தியார் தபால் விஷயம், தொடுவது தப்பு. எனக்குத் தெரியும். தெரிந்துதான் தொட்டேன்.

நவம்பர் மூன்று: செல்மா வீட்டுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம். பெரியவன். பத்து முனைக் கொம்பு. காலை எட்டேகால்.

நவம்பர் ஐந்து: அதே இடம். அதே ஆள்.

நவம்பர் ஒன்பது: அதே. என்னைப் பார்த்தும் ஓடவில்லை.

இன்னொரு தடவை படித்தேன். நோட்டை எடுத்த கோணத்திலேயே திரும்ப வைத்தேன். வெர்னா சிவந்த முகத்தோடு துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்ன, வேர்த்திருக்கு? சவுனாவுக்குப் போனது நானா, நீயா?"

"அடுப்புச் சூடு" என்றேன்.

திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பினேன். "சதுப்புக்குத்தானே?" என்றாள். "சதுப்புக்குத்தான்" என்றேன். மனசு உறுத்தியது. அதற்காக வண்டியைத் திருப்பவில்லை.

செல்மா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சமையல் செய்தவர். எண்பத்தொரு வயது, தனி வீடு, முஸ்தி என்று ஒரு கறுப்பு நாய். நான் கதவைத் தட்டியபோது அந்த இருட்டிலும் வெள்ளை ஏப்ரனோடு நின்றார்.

"செல்மா, உங்க வேலியோரம் கொஞ்ச நேரம் உக்காந்துக்கலாமா?"

"உக்காரு. வேலிப் பக்கம் கட்டை கொட்டி வெச்சிருக்கேன், அது மேலயே உக்காரு. என் சமையல் ஜன்னலுக்கு நேரா இருக்கும்."

எட்டேகால் ஆயிற்று. கொம்பன் வரவில்லை. ஒன்பதரைக்கு ஜன்னல் தட்டும் சத்தம். காபியும் ஏலக்காய் ரொட்டியும். சாப்பிட்டு முடித்ததும் கையில் ஒரு கோடரி.

"சும்மாதானே உக்காந்திருக்க. நாலு கட்டை பொளந்து போடு."

"சத்தம் கேட்டா மான் ஓடிடுமே?"

"என் வீட்டு மான் அதெல்லாம் பழகினது."

முஸ்தி என்னைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. 'நாய் குரைக்கும் இடத்தில் மான் நிற்காது' என்று சில வருஷங்களுக்கு முன் எழுதியவன் நானேதான். ஆனால் இந்த மான் பழகின மான் அல்லவா? முதல் நாள் நாலு கட்டை பிளந்தேன். இரண்டாம் நாள் நாற்பது. அன்றைக்கே ஜன்னலுக்குக் குளிர்காலக் கண்ணாடியும் மாட்டினேன். மூன்றாம் நாள் கோழிக்கூண்டுக் கதவு, புகைபோக்கி. தபால் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும், வெர்னா பார்த்துவிடக் கூடாதே என்று வீட்டுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்வேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வெர்னா சூப்பை எடுத்து வைப்பாள்.

"சதுப்பு எப்படி இருந்துச்சு?"

"ஈரமா இருந்துச்சு."

"தலையில என்ன கரி?"

"மரப்பட்டை."

மூன்றாம் நாள் மத்தியானம், அந்தக் கட்டைக் குவியல்மேல் உட்கார்ந்து, முதல் தடவையாகத் தரையைப் பார்த்தேன். ராத்திரி புதுப்பனி பெய்திருந்தது. முயல் தடம் இருந்தது. நாயின் தடம் இருந்தது. என் பூட்ஸ் தடம் நூறு இருந்தது. மான் தடம் ஒன்றுகூட இல்லை. மரத்தில் கொம்பு உரசிய காயம் இல்லை. எதுவுமே இல்லை. பத்தொன்பது வருஷமாகத் தடம் பார்ப்பது எப்படி என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவன், தடமே இல்லாத இடத்தில் மூன்று நாளாகக் காவல் இருக்கிறேன். ஏன்? தாளில் எழுதியிருந்தது.

அப்போது ஒன்று தோன்றியது. என் கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனை பேர் எத்தனை மரத்தடியில் இப்படி உட்கார்ந்திருப்பார்கள்! அவர்கள் காலடியிலும் வெறும் பனிதானே இருந்திருக்கும்! சிரிப்பு வந்தது. பிறகு அது நின்றுவிட்டது. என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவள் தினமும் எழுபத்துநாலு மைல் இந்தக் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறாள். என்ன பார்த்தாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல், இப்போது திருடிப் படித்திருக்கிறேன்.

இருந்தாலும் நாலாம் நாளும் போனேன். கொம்பனின் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஆனால் செல்மா மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் பாஸ்டி செய்வதாகச் சொல்லியிருந்தார்.

காலை பத்து மணிக்குத் தபால் வண்டி வந்தது. பதுங்கப் போனவன் எட்டிப் பார்த்தேன்; வெர்னாவின் வண்டி அல்ல. ஒரு பச்சை ஜீப். யாரோ ஒரு இளைஞன்.

"வெர்னா எங்கப்பா?"

"லீவுங்க. திங்கக்கிழமைலேர்ந்து நான்தான் வர்றேன். வழி பழகல, அதான் லேட்டு."

நாலு நாளாக லீவு! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செல்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காபிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு உடம்பு சரியில்லையா, செல்மா?"

"எனக்கென்ன தெரியும்? வீட்டுக்குப் போய்ப் பாரு."

பறந்தேன். வீட்டில் யாரும் இல்லை. அடுப்பு ஆறிக் கிடந்தது. அவளுடைய பிக்கப் லாரி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். அவள் தங்கைக்குப் போன் செய்தேன். அவளுக்கும் தெரியவில்லை. டாக்டர் எதையாவது சொல்லி, அதை என்னிடம் மறைக்கிறாளோ? மனம் கண்ட இடத்துக்கெல்லாம் போனது. ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பதினொன்று. பன்னிரண்டு. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்தேன். போன வருஷம் இதே ஜன்னலில் அவள் ஒன்பது மணி நேரம் நின்றிருக்கிறாள். நான் ஒற்றை பூட்ஸோடு வந்து, "பசிக்குது" என்றேன். எனக்கு மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

ஒன்றரைக்கு லாரி வந்தது. வெர்னா இறங்கினாள். தலை முதல் கால் வரை ஆரஞ்சு உடை. பின்கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு கொம்பன் கிடந்தது. நான் எண்ணினேன். பத்து முனை. கொம்பில் கட்டியிருந்த உரிமச் சீட்டில் அவள் பெயர்.

"உடம்பு நல்லா இருக்கா?" என்றேன். முதலில் அதுதான் வாயில் வந்தது.

அவள் என்னை ஒரு நிமிஷம் வித்தியாசமாகப் பார்த்தாள். "நல்லா இருக்கு. முதுகு மட்டும் வலிக்குது. ரோடு வரைக்கும் நானே இழுத்தேன். பனி தள்ற ஆளுங்க ரெண்டு பேரு தூக்கிப் போட்டாங்க."

"எங்க சுட்ட?"

"வடக்குச் சதுப்புல."

"எந்தச் சதுப்பு வேண்டாம்னியோ, அதே சதுப்புலயா?"

"உள்ள யாரு போனா? நீதான் எழுதியிருந்தியே, எல்லாம் செடாருக்கு அடியில ஒதுங்கும்னு. ஒதுங்கினது தின்ன வெளிய வரணும்ல? ரோட்டுலேர்ந்து இருநூறு அடியில, வெளிய வர்ற தடத்துல உக்காந்தேன். நாலாம் நாள் வந்துச்சு." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "உன் கட்டுரை ரொம்பச் சரி, ஆர்னி. நான் வருஷா வருஷம் படிக்கிறேன்."

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் நிலவரம் பலித்திருக்கிறது. அது பலித்த நேரத்தில் நான் செல்மாவின் பாஸ்டிக்காகக் காத்திருந்தேன்.

டெட் மூன்று மணிக்கே கேமராவோடு வந்துவிட்டான். அவனுக்கு யார் சொன்னார்களோ! வெர்னாவை நிறுத்தினான், கொம்பை உயர்த்தச் சொன்னான். நானும் பக்கத்தில் போய் நின்றேன். "ஆர்னி, கொஞ்சம் தள்ளு. மான்மேல உன் நிழல் விழுது" என்றான். தள்ளினேன். இன்னும் கொஞ்சம் என்றான். கராஜ் வரைக்கும் தள்ளினேன்.

சாயங்காலம் வெர்னா ஈரலை வெங்காயம் போட்டு வதக்கினாள். மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

"வெர்னா, நான் சதுப்புக்குப் போகல. உன் நோட்டைத் திருட்டுத்தனமா படிச்சேன். நாலு நாளும் செல்மா வீட்லதான் இருந்தேன்."

"தெரியும். நீ எத்தனை கட்டை பொளந்தேன்னு செல்மா தினமும் போன்ல சொல்லிடுவாங்க. படிக்கணும்னுதானே ஒரு வாரமா அதை மேசை மேல போட்டு வெச்சேன்? உனக்குச் சனிக்கிழமைதான் தைரியம் வந்துச்சு."

"அப்போ அந்தக் கொம்பன்?"

"அவங்க வேலிப் பக்கம் பதினஞ்சு வருஷமா ஒரு மானும் வந்ததில்ல. அந்த நாய் இருக்கிற வரைக்கும் வராது." ஈரலைத் திருப்பிப் போட்டாள். "நீ வீட்ல உக்கார மாட்ட. உன்னை ஒரு ஜன்னலுக்கு நேரா உக்கார வெக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. இன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

"உனக்கு வேட்டைக்குப் போக ஆசைன்னு ஏன் சொல்லவே இல்ல?"

"நீ ஏன் கேக்கவே இல்ல?"

தட்டை வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அடுத்த வருஷம் உன்கூட நானும் வரட்டுமா?"

வெர்னா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே யோசித்தாள்.

"வா. ஆனா வாயைத் தொறக்கக் கூடாது."

ஈரல் பிரமாதமாக இருந்தது. அதைக்கூட நான் சொல்லவில்லை.