ஆலை வாசலில் நான் குடிக்காத தேநீர்

புதுக்குடியிருப்பு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பெறாமகன் பிரதாபனுக்கு,

நீயும் சாரங்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். என் சுகத்தை உங்கள் வைபர் குழு என்னைவிட நன்றாக அறிந்திருப்பதால் அதை விடுகிறேன்.

சிறாஜின் அரிசி ஆலை வாசலில் நான் உண்ணாவிரதம் இருந்ததாக அங்கே எழுதியிருப்பது பிழை. வட்டிக்குக் கொடுத்து ஏமாந்தேன் என்பதும் பிழை. நான் வாங்கியது வணிகப் பத்திரம். நாலு லட்சத்து எண்பத்தையாயிரம் கொடுத்தால் தொண்ணூற்றொரு நாளில் ஐந்து லட்சம் திரும்பி வரும். ஈடு இல்லை, கம்பனியின் கையெழுத்து மட்டும். விவசாயிக்கு நெல்லை நிறுத்து வாங்கும் அன்றே காசு கொடுக்க வேண்டும், வங்கியோ காணி உறுதி கேட்டு மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால், சிறாஜ் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கு இப்படிப் பத்திரம் விற்றார். அது என் செத்தவீட்டுச் செலவுக்கு வைத்த காசு. என் சவப்பெட்டிக்கு ஒருவரும் காசு சேர்க்கக் கூடாது. வங்கியில் ஐந்து வருட வைப்புக்கு இந்த வயதில் நான் எப்படி உறுதி சொல்வது? தொண்ணூற்றொரு நாளென்றால் சமாளிக்கலாம்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை முள்ளியவளையில் ஒரு செத்தவீடு. திரும்பும் வழியில், தண்ணீரூற்றில் உள்ள ஆலையில் தவணைத் தேதியை உறுதிப்படுத்த இறங்கினேன். பக்கத்து வீட்டுச் சிவரூபியும் கூட. இருவரும் வெள்ளைச் சேலை. செத்தவீட்டிலிருந்து வந்தவர்கள் முழுகாமல் இன்னொருவர் படலைக்குள் காலடி வைப்பதா? வாசலிலேயே நின்றேன். சிறாஜ் ஓடி வந்து, "உள்ளுக்கு வாங்கோ ரீச்சர், இருங்கோ, ஒரு தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். "வேண்டாம், நிக்கிறன்" என்றேன். கதிரை வந்தது, இருக்கவில்லை. தண்ணீர் வந்தது, தொடவில்லை. அவர் கணக்காளரைக் கூப்பிட்டுத் தேதி பார்க்க அரை மணித்தியாலம் ஆயிற்று, அந்த நேரம் பார்த்துத்தானா முல்லைத்தீவு பஸ் எங்களுக்கு முன்னால் பழுதாகி நிற்க வேண்டும்! பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருவர், "ரீச்சர் தண்ணியும் வாயில வைக்கேல்லையாம். காசு போச்சு போல" என்றது என் காதிலேயே விழுந்தது. அவருக்குப் பதில் சொல்வது என் தரத்துக்குக் குறைவென்று பேசாமல் நின்றேன்.

வெள்ளி காலை பத்திரம் வாங்கிய மற்றப் பதினொரு பேரும் ஆலைக்குள். வழக்கமாகத் தவணை முடிந்தால் பத்திரத்தைப் புதுப்பிப்பார்கள், அதற்குள் அரிசி ஆறுதலாக விற்கும். இப்போது எல்லோருக்கும் தவணை முடிகிற இந்தப் புதன்கிழமையே காசு வேண்டுமாம். அவ்வளவு காசு அவரிடம் இல்லை. அரிசியை அடிமாட்டு விலைக்குத் தள்ளினாலும் பாதிப் பேருக்குத்தான் காணும்.

நேற்றுச் சிறாஜ் வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. "ரீச்சர், நீங்க ஒருக்கா வந்து எல்லாற்ற முன்னாலயும் ஒரு தேத்தண்ணி குடிச்சாக் காணும்."

"நான் நாடகக்காரி இல்லை."

"நீங்க குடிக்காட்டி நாங்க ஆலையை மூடவேண்டியதுதான் ரீச்சர். உங்கட காசும் சேர்ந்துதான் போகும்."

கன்னியர் மடத்தில் மதர் எனக்குக் கணக்கும் கற்பித்தார், பொய்க்குத் துணை போகாதே என்றும் கற்பித்தார். சிறாஜை வெறும் வாயோடு அனுப்பிவிட்டேன். இரவு முழுதும் நித்திரை இல்லை. ஆகவே என் முடிவு: அங்கே ஒரு மிடறும் குடிக்கமாட்டேன், பத்திரத்தைப் புதுப்பிக்கவும் மாட்டேன். புதன் காலை முதல் ஆளாக நின்று காசை வாங்குவேன். எட்டு மணிக்கு வானோடு வா. தேய்த்த சேட்டுப் போட்டு வா.

எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

உன் ஆசையம்மா,
விமலேஸ்வரி

பி.கு.: இன்று திங்கள், இதைத் தபாலில் போடப் புறப்பட்டவள் பஸ் ஏறி ஆலைக்குள் போய்விட்டேன். மற்றப் பதினொரு பேரும் அங்கேதான் நின்றார்கள். இரண்டு தேத்தண்ணி, சீனியோடு. என் பத்திரத்தையும் புதுப்பித்தேன். ஏழு பேர் என்னைப் பார்த்துப் புதுப்பித்தார்கள். மிச்ச நாலு பேரும், "ரீச்சர், ஈடு இல்லாத காசு, நீங்க பொறுப்பா?" என்று கேட்டார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஓம்" என்று சொல்லிவிட்டேன், அவர்களும் புதுப்பித்தார்கள். வான் வேண்டாம். அந்த "ஓம்" சட்டப்படி என்னைக் கட்டுமா? தொலைபேசியில் சொல்லாதே. எழுத்தில் பதில் அனுப்பு.