மழைக்காரரும் நின்றுபோன டிரையரும்

திருப்பூரில் பெய்கிற மழை முழுவதும் ஒரே ஒரு ஆளுடைய தயாரிப்பு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். வீரபாண்டி பக்கம் நிறம் ஒத்துப்போகிறதா என்று ஷேடு பார்க்கும் வேலையில் நான் இருந்த சாயப்பட்டறையில், இதைச் சொன்னவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் டிரையர் ஆபரேட்டர். முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் மழைக்காரர். சாயம் ஏறிய ஈரத்துணி அவருடைய மெஷினில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் காய்ந்து வரும். ஈரம் ஆவியாகிக் கூரைக் குழாய் வழியே மேலே போகும். "மேல போனது கீழ வந்துதானுங்க ஆகோணும்?" என்பது அவர் கட்சி.

கொங்கு மரியாதை வேறு சேர்ந்துகொண்டது. மழையில் நனைந்து யார் கம்பெனிக்குள் வந்தாலும் ஓடிவந்து மன்னிப்புக் கேட்பார். "தப்பா நெனச்சுக்காதீங்க, நேத்துக் கருப்பு கொஞ்சம் அதிகமா ஓட்டிப்போட்டேனுங்க." கருப்பு, நேவி ப்ளூ ஓட்டினால் இடியோடு மழை, வெள்ளை என்றால் வெறும் தூறல். கேன்டீன் அக்கா வத்தல் பிழிவதற்கு முன்னால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "நாளைக்கு என்ன கலருங்க?" என்று விசாரிக்கும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது.

"பேபி பிங்க்குங்க. தைரியமாப் புழிங்க!"

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "மழை கடல்ல இருந்து வருதுங்க. வெயில்ல கடல் தண்ணி ஆவியாகி, மேகமாகி, காத்தோட பாலக்காட்டு வழியா நம்மூருக்கு வருது" என்றேன்.

"கடல் உப்புங்களே. மழை உப்புக் கரிச்சுதுங்களா?"

"உப்பு கடல்லயே நின்னுக்கும். தண்ணி மட்டுந்தான் மேல போகும்."

"அதேதானுங்க!" என்று குதித்தார். "நம்ம சாயம் துணியிலயே நின்னுக்குது, தண்ணி மட்டும் மேல போகுது. நீங்களே ஒத்துக்கிட்டீங்க பாருங்க."

நான் அவர் கட்சிக்கு வந்துவிட்டதாக அன்று முழுக்கக் கம்பெனியில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

டிரையர் முன்னால் நிற்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அனல் முகத்தில் அடிக்கும். புதிதாக வருகிறவர்கள் முதல் சம்பளம் வாங்கிய கையோடு வேறு இடம் பார்த்து ஓடிவிடுவார்கள். இவர் மட்டும் தலை நரைக்கும் வரை நின்றார். மழை செய்கிறவன் வெக்கைக்குப் பயப்படலாமா?

போன கோடையில் ஆர்டர் படுத்துவிட்டது. டிரையரை நிறுத்தினார்கள். "கெணறெல்லாம் காஞ்சு கெடக்குது, இப்பப் போயி மெஷினை நிறுத்திப்போட்டீங்களே!" என்று முதலாளியிடமே போய் முறையிட்டார். ஏற்கெனவே நொந்துபோயிருந்த முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

மெஷின் ஆறிக் குளிர்ந்து வாரக்கணக்கில் ஆன பிறகு, ஒரு மத்தியானம் வானம் கறுத்துப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. எல்லோரும் வெளியே ஓடி ஆட்டம் போட்டோம். அப்புறம்தான் உறைத்தது. ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தோம். மழைக்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போனேன்.

"இது நம்முளுது இல்லையாட்ட இருக்குதுங்க" என்றார் மெதுவாக. "அப்ப இத்தன வருசமும் சும்மா வெக்கையிலதான் நின்னனுங்களா?"

வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று நான் துள்ளியிருக்க வேண்டும். அதற்குப் பதில் அவர் கட்சிக்கே வாதாட ஆரம்பித்தேன்.

"ஆருங்க சொன்னது? பொங்கலுக்கு முன்னால ஓட்டுனீங்களே நேவி ப்ளூ, அது எங்க போச்சு? மேல போனது உடனே வந்துருமுங்களா? ஊரெல்லாம் சுத்தி, கடலுக்கும் போயிட்டு, இப்பத்தான் ஊடு திரும்புது."

அவர் கதவுக்கு வெளியே கையை நீட்டி மழையை ஏந்திப் பார்த்தார்.

"அதுதான் இத்தன வேகமுங்களா!" என்றார். முகம் தெளிந்துவிட்டது.

சமாதானத்துக்குச் சொன்ன பொய்தான். ஆனால் அதில் பொய் எவ்வளவு என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. ஆவியாகிப் போகிற தண்ணீர் தொலைந்தா போகிறது? எங்கோ, யார் தலையிலோ விழுந்துதானே ஆக வேண்டும்.

இப்போது டிரையர் மறுபடி ஓடுகிறது. நான் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். ஆனாலும் எங்கே மழையைப் பார்த்தாலும், அந்த மனுஷன் அனலில் நின்றது வீண்போகவில்லை என்றுதான் என் மனசு முதலில் சொல்கிறது.