இன்னொரு கண் டொக்டர்

பத்திரிகை ஆசிரிய பீடத்தில் முப்பது வருடம் இருந்தவனுக்கு ஒரு நோய் பிடிக்கும்: எந்த நிபுணரைவிடவும் தனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்று நினைப்பது. எனக்கு அது கண்புரைக்கு முன்பே முற்றியிருந்தது.

கண்புரை இரண்டு கண்ணிலும் இருந்தது. கனடாவிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வரப்போகிறாள். பருத்தித்துறையில் எங்கள் தேவாலயத்தில் பேத்திக்கு ஞானஸ்நானம். வேதபாடம் வாசிப்பது நான். ஐந்து கிழமைதான் இருந்தது. பெரிய எழுத்து வேதாகமமே மழையில் நனைந்த பத்திரிகைபோல் தெரிந்தது. ஆகவே இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். (யாரிடமும் கேட்கவில்லை. நோயின் அறிகுறி.)

அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் கண்ணுக்கு மருந்து விட்டு இருட்டறையில் இருத்தினார்கள். முகக்கவசம் போட்ட டொக்டர், "இப்ப ஒண்டு, மற்றது ஒரு மாதம் கழிச்சு" என்றார். நான் பதினைந்து நிமிடம் வாதாடினேன். அவர் அசையவில்லை. "பயந்த மனுசன்" என்று மனைவி ரஞ்சியிடம் தீர்ப்புச் சொன்னேன்.

வெளிநாடுகளில் ஒரே நாளில் இரண்டையும் செய்கிறார்கள் என்று கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்தேன். பிறகு மருந்துக்கடைக்குச் சொல்லி, யாழ்ப்பாணத்தில் தனியார் மருத்துவமனையொன்றில் பின்னேரம் பார்க்கும் நல்ல கண் டொக்டர் ஒருவரைப் பார்க்க நம்பர் போட்டேன். பெயர் கேட்கவில்லை. (ஊரார் பெயர்களை மூன்று தரம் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பியவன்.)

அங்கும் முதலில் கண்ணுக்கு மருந்து; இருந்த பார்வையும் மங்கியது. கதவடியில் ரஞ்சி, "இஞ்சாருங்கோ, இந்தப் போர்ட்டிலை..." என்று தொடங்கினாள்.

"நான் கதைக்கிறன். நீ பேசாமல் இரு."

உள்ளே வெள்ளையாக ஓர் உருவம், முகக்கவசத்தோடு. "சொல்லுங்கோ ஐயா."

சொன்னேன். "டொக்டர், ஆஸ்பத்திரியிலை ஒருத்தரிட்டைக் காட்டினனான். அவருக்குத் துணிவு காணாது. புதுசா ஒண்டும் வாசிக்கிறேல்லை எண்டு நினைக்கிறன்."

ரஞ்சி என் சட்டையை இழுத்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

"அப்பிடியே?" என்றார் டொக்டர்.

"கையும் நடுங்குமோ தெரியாது."

"நடுங்கிறேல்லை."

"ஓம் ஓம், உங்களுக்கு நடுங்காது."

பின்னால் நின்ற தாதி இருமினாள். (அது இருமல் அல்ல.)

டொக்டர் நிதானமாகச் சொன்னார்: "ரெண்டையும் ஒரே நாளிலை செய்யிற டொக்டர்மார் இருக்கினம். பிழை எண்டு சொல்லமாட்டன். ரெண்டு ஒப்பரேசன் மாதிரி, கருவி எல்லாம் மாத்தித்தான் செய்வினம். ஆனால் கிருமி பிடிக்கிறது அரிது எண்டாலும், பிடிச்சால் ரெண்டு கண்ணிலையும் பிடிக்கக்கூடாது. முதல் கண்ணுக்கு லென்ஸ் எப்பிடிப் பொருந்துது எண்டு பாத்தால் மற்றதுக்கும் உதவும். உங்களுக்குச் சீனி வருத்தமும் இருக்கு."

எனக்குள் இருந்த நிருபர் விழித்துக்கொண்டான். "எனக்கு நீரிழிவு எண்டு எப்பிடித் தெரியும்? நான் இன்னும் சொல்லேல்லையே!"

"போன புதன்கிழமை சொன்னனீங்கள்," என்றார். "எனக்குத்தான் சொன்னனீங்கள்."

காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருப்பவர்தான் பின்னேரம் தனியாரில் இருப்பார் என்பது குடாநாட்டில் எல்லோருக்கும் தெரியும். குரலை வைத்தாவது பிடித்திருக்கலாம். ஆனால் இரண்டு இடத்திலும் பெரும்பாலும் ஒலித்தது என் குரல்.

"போர்ட்டிலை பேரைப் பாத்திட்டுச் சொல்ல வந்தனான்," என்றாள் ரஞ்சி. "விட்டனீங்களே?"

நான் முதல் தடவையாகத் தணிந்த குரலில் பேத்தியின் ஞானஸ்நானத்தைப் பற்றிச் சொன்னேன். அவ்வளவு வாதாடியும், ஏன் அவசரம் என்பதை மட்டும் அதுவரை சொல்லவேயில்லை.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே ஐயா. வாசிக்க ஒரு கண் போதும்."

அடுத்த கிழமையே, நடுங்காத அந்தக் கையால், வலது கண்ணைச் செய்தார். ஞானஸ்நானத்தன்று, சத்திரசிகிச்சை செய்யாத இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல் தவறாமல் வாசித்து முடித்தேன். (முன்வரிசைக்குக் கண்ணடிப்பதாக இரண்டு பேர் போதகரிடம் முறையிட்டார்களாம்.) இறங்கி வந்ததும், ரஞ்சியிடம் கதை முழுக்கக் கேட்டிருந்த மகள் குழந்தையை என் கையில் தந்து, மிகுந்த பணிவோடு, "வணக்கம் ஐயா, நான் உங்கடை மகள்" என்றாள்.

மற்றக் கண்ணும் செய்தாயிற்று; இப்போது இரண்டிலும் பளிச்சென்று தெரிகிறது. வீட்டில் ஒருவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. இன்று காலையும் ரஞ்சி தேநீரை நீட்டிவிட்டு நின்றாள்.

"நான் உங்கடை மனிசி. நேற்றுத் தேத்தண்ணி தந்ததும் நான்தான். நேற்றுத் தந்தவளைப் பற்றி ஏதும் முறைப்பாடு இருந்தால் சொல்லுங்கோ."