கொழுந்தனாரின் கொள்கையும் அவர் அண்ணனின் இதய வால்வும்

அன்பும் மரியாதையும் நிறைந்த கொழுந்தனார், நெப்ராஸ்கா சட்டமன்ற உறுப்பினர் டுவேன் செர்னி அவர்களுக்கு,

அண்ணி லோரீன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், மாடுகள் நலம், நாய்கூட நலம். உங்கள் அண்ணன் எல்டனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் அலுவலகத்துக்குப் பலமுறை போன் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் மிகவும் பணிவாகப் பேசிவிட்டு, தினமும் நடந்தால் இதயத்துக்கு நல்லது என்று அச்சடித்த துண்டுத்தாளை அனுப்பிவைக்கிறாள். அடுப்புப் பற்றவைக்க உதவுகிறது, நன்றி.

போன மாதம் தீயணைப்பு நிலையக் கூடத்தில், அண்ணனின் ஆபரேஷனுக்குப் பணம் சேர்க்க நடந்த விருந்தில் நீங்கள் பேசிய பேச்சை ஊர் இன்னும் மறக்கவில்லை. அக்கம்பக்கத்தார் கைகொடுக்கும் ஊரில் அரசாங்கம் நடத்தும் மருத்துவக் காப்பீட்டுச் சந்தை எதற்கு என்று கேட்டீர்கள், கூடம் அதிரக் கைதட்டினார்கள். அடுத்த ஊரில் வேறொருவரின் சிறுநீரகத்துக்கான விருந்தில் இதையே பேச உடனே கிளம்பிவிட்டதால், பிறகு நடந்ததைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் உதவி வாங்குவது சோஷலிசம் என்று சொல்லி உங்கள் அண்ணன் சில்லிக் குழம்பு அண்டாவைத் தானே தூக்கினார், மூச்சு முட்டியது, கொலாச் என்ற பழப் பன்களை அடுக்கியிருந்த மேசைமேல் அப்படியே சாய்ந்தார், ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றால் அதை ஓட்டுகிறவர்கள்தான் எங்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள், கரண்டியை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் ஏலத்துக்கு வந்த கன்றுக்குட்டியை யாரோ புண்ணியவான் ஆம்புலன்ஸில்தான் கட்டிவைத்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே அண்ணன் கேட்டார், "குலுக்கல் முடிஞ்சுதா?" முடிந்திருந்தது. நீங்கள் நன்கொடையாகத் தந்த வேட்டைத் துப்பாக்கி அவருக்கே விழுந்திருந்தது. என் ஆபரேஷனுக்கு நடந்த குலுக்கலில் நானே பரிசு வாங்கினால் ஊர் சிரிக்கும் என்று அதை உங்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். விருந்தில் சேர்ந்த பணம் அந்த ஆம்புலன்ஸ் சவாரிக்குச் சரியாகப் போயிற்று. அதனால்தான் வரும் சனிக்கிழமை இன்னொரு விருந்து. தலைமை நீங்கள், பரிசு அதே துப்பாக்கி.

வசந்தத்துக்குள் வால்வை மாற்றியாக வேண்டும் என்கிறார் டாக்டர். நூலகத்தில் மார்லிஸ் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சந்தையில் காப்பீடு எடுத்துக் கொடுக்கிறாள். எங்கள் வருமானத்துக்கு மாதாமாதம் கட்டுவது நாய்த்தீனிச் செலவைவிடக் குறைவாம். டிசம்பர் பதினைந்தோடு பதிவை மூடிவிடுவார்கள். வாருங்கள் போகலாம் என்று உங்கள் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"வீட்டு முன்னால தம்பி பேரைப் போட்டு 'சந்தையை மூடு'ன்னு பலகை நட்டு வச்சிருக்கேன். நானே போய் அங்க நின்னா அவன் மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்குவான்?"

"உங்க தம்பி மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகாது. அவரு பொண்டாட்டி அரசாங்க ஸ்கூல் டீச்சர். குடும்பம் மொத்தத்துக்கும் ஸ்கூலே இன்ஷூரன்ஸ் போட்டிருக்கு."

"அது வேற."

"எப்படிங்க வேற?"

"வேறன்னா வேறதான். டுவேன் ஒரு வார்த்தை போன்ல சொல்லட்டும், இப்பவே போறேன். அவன் சொல்லாம நான் அந்தப் படி ஏறமாட்டேன்."

அப்பா போன பிறகு உங்களைத் தன் டிராக்டரில் உட்காரவைத்து வளர்த்தவர், தம்பி. உங்கள் பலகைக்குச் சாயம் அடித்ததும் அவர் கைதான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இப்போது நாற்காலியிலேயே தூங்குகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லுங்கள். மேடையில் வேண்டாம், போனில் ரகசியமாகச் சொன்னால் போதும், ஒரு ஓட்டும் குறையாது.

உங்கள் பேச்சைப் போலவே உங்கள் ஆயுளும் நீளட்டும். டீச்சரம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அவர்களுடைய காப்பீட்டுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
அண்ணி லோரீன்

பி.கு.: இதை எழுதி இரண்டு நாளாகிறது, தபால்தலை வாங்க நேரமில்லை. மேலே கேட்டதை விட்டுவிடுங்கள், நீங்கள் போன் செய்ய வேண்டாம். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். நேற்று அவர் தொழுவத்தில் இருந்தபோது செய்தீர்கள், நான்தான் எடுத்தேன். "பலகை கிடக்கட்டும் அண்ணி, எனக்கு எங்க அண்ணன் உயிரோட வேணும்" என்று சொல்லி நீங்கள் அழுததை அப்படியே அவரிடம் சொன்னேன். வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து அவரும் அழுதார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு நேரே மார்லிஸிடம் போய்ப் பதிந்துவிட்டார். மாவு பிசைந்தாயிற்று, அதனால் சனிக்கிழமை விருந்து உண்டு, பணம் சிறுநீரகத்துக்காரருக்குப் போகட்டும். ஊரும் பத்திரிகைக்காரரும் பார்க்க, மைக்கைப் பிடித்து உங்களுக்கு நன்றி சொல்லப்போகிறாராம் அண்ணன். நான் போனே செய்யவில்லை என்று நீங்கள் மறுப்பதானால், அவர் முகத்தைப் பார்த்து மறுத்துவிடுங்கள்.