சுனைப் போர் டிரெய்லர்

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் மலையுச்சியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட காலத்தில், செண்பகவல்லி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். ஏழு வருஷம் உட்கார்ந்து அறுநூற்று நாற்பது பக்கத்தில் ஒரு சரித்திர நாவல் எழுதியிருந்தாள்.

கதை அந்தக் காட்டில் உண்மையாகவே நடந்தது. ஒரு பஞ்ச காலத்தில் யானைகளும் காட்டெருமைகளும் ஒரே சுனைக்குத் தண்ணீர் குடிக்க வந்து நேருக்கு நேர் நின்றன. பகல் முழுக்க நின்று, கடைசியில் காலையில் யானைக்கு, மாலையில் எருமைக்கு என்று பேசி முடித்துக்கொண்டன. அந்த ஏற்பாடு அவள் எழுதும்போதும் நடப்பில் இருந்தது.

நாவல் வந்து மூன்று மாதமாகியும் கரையான்களைத் தவிர யாரும் அதை முழுசாக முடிக்கவில்லை. செண்பகவல்லிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிரெய்லர் எடுத்துத் தருவதில் பேர்வாங்கிய வாகீசன் என்ற குரங்கிடம் போனாள்.

அவன் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டான். கேட்டுவிட்டு, “சண்டை எந்த இடத்தில் வருது, அக்கா?” என்றான்.

“சண்டை வராமல் போனதுதான் தம்பி கதை.”

“வராததை ஒரு நிமிஷத்தில் எப்படிக் காட்டுவது? சண்டையைக் காட்டுவோம். ஆள் வரட்டும். உண்மையைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளட்டும்.”

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் படிக்க ஆள் வருமே என்ற ஆசையில் தலையாட்டினாள்.

வாகீசன் ஒரு யானையைத் திங்கட்கிழமை ஓடவிட்டுப் படம் பிடித்தான். ஒரு எருமையை வியாழக்கிழமை ஓடவிட்டான். இரண்டையும் ஒட்டி, நடுவில் புழுதியைக் கிளப்பினான். ‘இந்தச் சுனை யாருடையது?’ என்று ஒரு கரடி அடித்தொண்டையில் கேட்டது. அவ்வளவுதான் டிரெய்லர்.

ஒரே நாளில் காடு முழுக்கப் பார்த்தது. படத்தில் தங்கள் ஆள் ஓரடி பின்வாங்கியதாக யானைகளுக்கு வருத்தம். தங்கள் ஆள் முழங்கால் மடங்கி விழுந்ததாக எருமைகளுக்குக் கோபம். செண்பகவல்லி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடினாள். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சமாதானம் ஆகிவிடுகிறது, தயவுசெய்து படியுங்கள் என்று கெஞ்சினாள். யானைத் தலைவி அவளை உட்காரவைத்துப் பிரியமாகத்தான் பேசினாள். அவ்வளவு படிக்க யாருக்கும் நேரமில்லை, டிரெய்லரிலேயே எல்லாம் புரிந்துவிட்டது என்றாள்.

மறுநாள் காலை, யானைகளின் முறையில், எருமைகள் சுனைக்கு வந்தன. இரண்டு நாள் சண்டை. நாலு கொம்பும் ஒரு தந்தமும் உடைந்தன. மிதிபட்ட மிதியில் சுனை சேறாகித் தூர்ந்துபோனது. அன்றிலிருந்து காட்டில் எல்லோரும் தண்ணீருக்கு ஆற்றுவரைக்கும் நடக்கிறார்கள்.

செண்பகவல்லி அந்தச் சேற்றுக் கரையில் உட்கார்ந்து அழுதாள். தான் எழுதிய ஒரே நல்ல விஷயம் தன்னாலேயே பொய்யாகிவிட்டதே என்று அழுதாள். வாகீசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “இரண்டாம் பாகம் எப்போது என்று எல்லோரும் கேட்கிறார்கள், அக்கா” என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக் கூர் பார்த்தாள்.

“முதலில் முட்டினது யாரென்று சரியாகப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா, தம்பி?” என்று கேட்டாள்.

நீதி: நடந்த சரித்திரத்தை எழுத ஏழு வருஷம் ஆகும், ஒரு நிமிஷ டிரெய்லர் விட்டால், எழுதவேண்டிய சரித்திரம் தானாகவே நடந்துவிடும்.